மாவைத் திருப்பும் இடம்

இதெல்லாம் நடந்தது மழைக்கு முந்தியா பிந்தியா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. மழை பெய்துகொண்டிருந்ததாகத்தான் ஞாபகம். ஆனால் அந்தத் தெருவை நினைத்தாலே மழையும் கூடவே வந்துவிடுகிறது, அதனால் அந்த ஞாபகத்தை நம்புவதற்கில்லை. பாதியை ரொட்டிக்காரம்மா சொல்லக் கேட்டேன். மீதியை அவள் கடைக்கு ரொட்டி வாங்க வந்தவர்கள் சொன்னார்கள். அதில் எது நடந்தது, எது நடந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று அவர்களாகச் சேர்த்துக்கொண்டது என்று பிரித்துப் பார்க்கும் ஆசை முன்பு இருந்தது. இப்போது இல்லை.

அங்கிருந்த ஆரம்பப் பள்ளியில் வாரத்தில் இரண்டு நாள் சமயப் பாடம் உண்டு. மணி அடித்ததும் பிள்ளைகள் எழுந்து, அவரவர் வீட்டு வழக்கப்படி நாலு அறைகளுக்குப் பிரிந்து போவார்கள். சட்டப்படி ஒவ்வொரு அறைக்கும் ஒரு சமயத்தின் பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரும் அந்தப் பெயர்களைச் சொல்வதில்லை. முதல் ரூம், ரெண்டாம் ரூம், மூணாம் ரூம். எந்தச் சமயமும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நாலாம் ரூம். அங்கே களிமண்ணும் வண்ணப் பென்சிலும் இருந்ததால் மற்ற மூன்று ரூம்காரர்களுக்கும் அவர்கள்மேல் பொறாமை. பிள்ளைகள் வழியாக இந்தப் பேச்சு வீடுகளுக்கும் பரவி, கடைசியில் பெரியவர்களே, "பொண்ணு எடுத்த இடம் எப்படி, நம்ம ரூம்தானா?" என்று கேட்டுக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டது.

மூணாம் ரூமுக்குப் பாடம் எடுத்துவந்தவள் பிரசவ லீவில் போனாள். பிள்ளை பிறந்த கையோடு புருஷனுக்கு மாற்றல் வந்து அப்படியே வேறு ஊருக்குப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு ஆள் கேட்டு எழுதிப் போட்டும் மேலிடத்திலிருந்து பதில் இல்லை. பள்ளியின் தலைமை ஆசிரியை, எல்லோரும் பெரிய டீச்சர் என்று அழைக்கிறவர், சுற்றுமுற்றும் பார்த்தார். நிரந்தர வேலையில் இருந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒருத்திக்குத் தொண்டை வலி, ஒருத்தருக்குக் கொள்கை. காரணம் சொல்ல முடியாத நிலையில் இருந்தவள், அந்த வருஷம்தான் தற்காலிகமாகச் சேர்ந்து இரண்டாம் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி. தெருவில் அவளுக்கு டெம்பரவரி டீச்சர் என்று பெயர். பிறந்த வீடும் புகுந்த வீடும் ரெண்டாம் ரூம்.

"நான் நம்பாததை எப்படிச் சொல்லிக் குடுக்கிறது டீச்சர்?" என்று அவள் கேட்டாள்.

"போன வாரம் நிலாப் பாடம் நடத்தினீங்களே. போய்ட்டு வந்தா நடத்தினீங்க?"

மூணாம் ரூம் பெற்றோர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். புத்தகம் அரசாங்கத்துடையது, அதில் உள்ளதைச் சொல்லிக் கொடுக்க யாராயிருந்தால் என்ன என்று பெரும்பாலோர் சொன்னார்கள். அவர்களுடைய வழிபாட்டு இல்லத்தின் மூத்தவர், கண்ணுக்கு மிக அருகில் வைத்துத்தான் எதையும் படிக்கிற மெலிந்த மனிதர், ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பருவ முடிவில் அவர் வருவார். பிள்ளைகள் காலை வேண்டுதலைச் சொல்ல அவர் கேட்பார். சரியாக இருந்தால் தொடரலாம்.

டீச்சர் அந்த அறைக்குப் போன முதல் நாள் கதைகளைச் சொல்லிச் சமாளித்தாள். எல்லாச் சமயத்திலும் நல்லவர்களின் கதைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. யாரோ பசியோடு வருகிறார், யாரோ கதவைத் திறக்கிறார். சிக்கல் வேண்டுதலில் வந்தது. சொற்கள் அச்சில் இருந்தன. அதை எந்த ஓட்டத்தில், எந்த ராகத்தில் சொல்வது என்று அச்சில் இல்லை. அவள் உரைநடைபோல வாசித்ததும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். ரெட்டைச் சடை போட்ட ஒரு பெண் மட்டும் எழுந்து, "எங்கம்மா சரியாச் சொல்லும் டீச்சர். கடைக்கு வாங்க," என்றாள்.

அம்மா என்றது ரொட்டிக்காரம்மாவை. பள்ளிக்குப் பின்னால், இரண்டு திருப்பம் தள்ளி, தாழ்ந்த கூரையுள்ள ஒரு ரொட்டிக் கடை. முன்பக்கம் கண்ணாடிப் பெட்டி, பின்பக்கம் அடுப்பு. நடுவில் ஆள் படுக்கும் நீளத்துக்கு மரத்தொட்டி, அதில் மாவு. டீச்சர் குழந்தைகள் காப்பகத்திலிருந்து தன் நாலு வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு நேராக அங்கே போனாள். ஈர மாவின் புளித்த வாசனையும் விறகுப் புகையும் கலந்த சூடு முகத்தில் அடித்தது. பையனுக்கு ஒரு உருண்டை மாவு கிடைத்ததும் அவன் உலகத்தை மறந்துவிட்டான்.

ரொட்டிக்காரம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு, வேண்டுதலைச் சொல்ல நேராக நின்றாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றாள். பிறகு வெட்கத்தோடு தொட்டிக்கே திரும்பினாள்.

"சும்மா நின்னா வராது டீச்சர். கை ஓடினாத்தான் எனக்கு வாய் ஓடும். சின்ன வயசிலேர்ந்து இந்தத் தொட்டிகிட்ட நின்னே சொல்லிச் சொல்லிப் பழகிடுச்சு. நீங்க அந்தப் பக்கம் நில்லுங்க. மாவு தெறிக்கும்."

அப்படித்தான் டீச்சர் அதைக் கற்றாள். அழுத்தி, மடித்து, அழுத்தி, மடித்து, அந்த ஓட்டத்தோடு ஒரு அழகான ஏற்ற இறக்கம். நடுநடுவே மூன்று இடங்களில் ரொட்டிக்காரம்மா நிறுத்துவாள். முழு மாவையும் இரண்டு கையாலும் தூக்கித் திருப்பித் தொட்டியில் அறைவாள். பிறகு தொடர்வாள். அந்த மூன்று நிறுத்தங்களும் வேண்டுதலின் பாகம் என்றே டீச்சர் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளாமல் என்ன செய்வாள்? நிறுத்தியதும் வரும் மௌனத்தில்தான் அவளுக்கே ஏதோ புரிவதுபோல இருந்தது. வீட்டில் பாத்திரம் விளக்கும்போது அதே நிறுத்தங்களோடு சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். வாரக்கணக்கில் சொன்னாள். மூணாம் ரூமில் பிள்ளைகள் ஒரே குரலாகச் சொல்லி, ஒரே நேரத்தில் சட்டென்று நிறுத்தும்போது, அறையே மூச்சைப் பிடித்துக்கொள்வது போலிருக்கும். ஐந்து வருஷம் அடுப்படியில் தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு இருந்தவளுக்கு அந்தக் கணம் எவ்வளவு பெரியது என்பதை வீட்டில் யாரிடமும் சொல்லத் தெரியவில்லை.

வீடு என்பது மூன்று அறைகள். முன்னறையில் மாமனாரின் தையல் மெஷின். தெருவில் பாதிப் பேர் அவர் தைத்த சட்டையில் நடமாடினார்கள். அதிகம் பேசமாட்டார். அளவெடுக்கும்போதுகூட ஆளைத் தோளில் தொட்டுத் திருப்புவாரே தவிர, திரும்பு என்று சொல்லமாட்டார். சாயங்காலம் மெஷினை மூடிவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். அதுதான் அவருடைய வழிபாடு. மாமியார் இறந்ததிலிருந்து அப்படித்தான். புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். அப்பாவின் மௌனத்துக்கும் சேர்த்து அவன் பேசுவான்.

ஒருநாள் ராத்திரி எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சூப்பும் ரொட்டியும். கரண்டியைக் கையில் எடுத்த பையன், யாரும் கேட்காமலே, கணீரென்று மூணாம் ரூம் வேண்டுதலை ஆரம்பித்தான். ஒரு சொல் தவறவில்லை. நிறுத்தும் இடங்களில் நிறுத்தினான். நிறுத்தியதோடு விடாமல், மூன்று தடவையும் உள்ளங்கையால் மேசையை ஓங்கி அறைந்தான். மூன்றாவது தடவை அறைந்ததில் சூப் தெறித்துத் தாத்தாவின் கைமேல் விழுந்தது.

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. தையல்காரர் எழுந்தார். கையைக் கழுவினார். முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வீட்டில் மௌனம் புதிதல்ல. ஆனால் இது வேறு ஜாதி மௌனம். முன்பெல்லாம் அவர் பேசாமலிருந்தால் ஒரு மரம் பேசாமலிருப்பதுபோல இருக்கும். இப்போது அறைக்குள் டீச்சர் வந்தால் மெஷின் நிற்கும், அவள் போனதும் ஓடும். சொல்லவேண்டியதையெல்லாம் பேரன் வழியாகச் சொன்னார். தண்ணி வேணும்னு உங்கம்மாகிட்ட சொல்லு. வெளக்கை அணைக்கச் சொல்லு. இதற்கிடையில் அவளுடைய கைப்பை வார் அறுந்ததைப் பார்த்து, கேட்காமலே இரட்டைத் தையல் போட்டு ஆணியில் மாட்டிவைத்திருந்தார். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. திட்டுகிறவரோடு மல்லுக்கு நிற்கலாம். பை தைத்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறவரை என்ன செய்வது?

வார முடிவில் மெக்கானிக் செய்தியைக் கொண்டுவந்தான். சொல்ல மனமில்லாமல் நகத்துக்கடியில் இருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டே சொன்னான்.

"அப்பா சொல்றாரு, இந்தப் பருவத்தோட அந்த ரூமை விட்டுடணுமாம். இல்லேன்னா அவரு அத்தை வீட்டுக்குப் போய் இருந்துக்கிறாராம்."

"அந்த ரூம் வேணாம், வேலை மட்டும் வேணும்னு நான் சொல்ல முடியாதுங்க. இப்ப அந்த ரூமுக்காகத்தான் என்னை விடாம வெச்சிருக்காங்க."

"அதையும் சொன்னேன்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவன் விரலைச் சட்டையில் துடைத்தான். "வண்டின்னா கழட்டிப் பாத்துடலாம். இதை எங்க கழட்டுறது?"

அவள் அன்றிரவு தூங்கவில்லை என்றெல்லாம் ரொட்டிக்காரம்மா சொன்னாள். நன்றாகத்தான் தூங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன், பள்ளிக்கூட வேலை ஆளை அப்படி அடித்துப்போடும். ஆனால் காலையில் தீர்மானத்தோடு எழுந்தாள். ஒரு வயசானவரை அவர் வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டு, அடுத்தவர் வேண்டுதலைச் சொல்லிக் கொடுப்பதில் அர்த்தமில்லை. மூத்தவர் வந்து கேட்டுவிட்டுப் போகட்டும், அதோடு நின்றுவிடுவது என்று பெரிய டீச்சரிடம் சொன்னாள். பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அப்புறம் மூணாம் ரூமைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளை வராந்தாவில் உட்கார வைக்க வேண்டியதுதான் என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. வராந்தாவில் எத்தனை பாய் போடலாம் என்று கணக்குப் பார்க்கிறவர்போலச் சொன்னார்.

மூத்தவர் வந்த நாளில் மழை இருந்தது என்பதில் ரொட்டிக்காரம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. குடையை வாசலில் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கென்று செய்த சின்ன நாற்காலியில், முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்தார். பெற்றோர்களில் சிலர் சுவரோரம் நின்றார்கள். ரொட்டிக்காரம்மாவும் அவசரமாகக் கடையை விட்டு, மாவு உலர்ந்த முழங்கையோடு வந்திருந்தாள். பிள்ளைகள் சொன்னார்கள்.

"காலையைத் தந்தவரே, எங்கள் கைகளுக்கு வேலை தந்தவரே." நிறுத்தம். "பயத்தை எங்களிடமிருந்து விலக்கும், பசித்தவரை." நிறுத்தம். "எங்களிடம் அனுப்பும். இங்கே இல்லாதவர்களை." நிறுத்தம். "எங்களோடு நினைத்தருளும்."

மூத்தவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னார்கள், அதே இடங்களில் நின்றார்கள். அவர் முன்வரிசையில் இருந்த ரெட்டைச் சடையிடம் குனிந்து, அங்கே ஏன் நிற்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

"அங்கதான் மாவைத் திருப்பணும்," என்றாள் அவள்.

யாரும் சிரிக்கவில்லை, முதலில். டீச்சருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சுவரோரம் ரொட்டிக்காரம்மா முகத்தைக் கைக்குள் புதைத்துக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, தப்பு டீச்சர் மேல் இல்லை, தன்மேல்தான், மாவு கனம், ஒரே மூச்சில் திருப்பிக்கொண்டே சொல்ல முடியாது என்று காற்றிலேயே மாவைத் தூக்கித் திருப்பிக் காட்டினாள். அதைப் பார்த்ததும் ஒரு தகப்பன் சிரிக்க, அறை முழுதும் சிரித்தது. மூத்தவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்தார். அப்புறம் டீச்சரைப் பார்த்துச் சொன்னார்:

"முதல் ரெண்டும் வேண்டாம்மா. பசித்தவரைன்னு அங்க நின்னா, பயத்தோட சேத்து அவங்களையும் வெலக்கச் சொல்ற மாதிரி ஆயிடுது. அது பெரிய தப்பு."

"மாத்திடறேன் ஐயா."

"மூணாவது இருக்கட்டும்."

"அதுவும் மாவுதான் ஐயா."

"இருக்கட்டும். இல்லாதவங்களைச் சொன்ன பிற்பாடு கொஞ்சம் நிக்கலாம். நாங்கதான் அவசரமாப் போயிட்டிருந்தோம்." எழுந்திருக்கச் சிரமப்பட்டு, நாற்காலியோடு சேர்ந்தே எழுந்து, பிள்ளைகள் அதைப் பிடுங்கிவிட்டபிறகு, அடுத்த பருவமும் நீங்களே எடுங்கள் என்றார். அவள் முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். வீட்டு விஷயம் என்பதைத் தவிர எதுவும் சொல்ல வரவில்லை. அவர் தோண்டிக் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் ஈரத்தோடு வீட்டுக்கு வந்தபோது தையல்காரர் யாருக்கோ காலர் தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் நின்றது. வழக்கமாக அவள் வேகமாக உள்ளே போய்விடுவாள். அன்று போகவில்லை. மகனை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, துணிகள் குவிந்த பெஞ்சில் கொஞ்சம் இடம் பண்ணி உட்கார்ந்தாள். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. தெரு விளக்கு எரிய ஆரம்பித்தது.

"நான் விட்டுட்டேன் மாமா. சொல்லிட்டு வந்துட்டேன். அது முடிஞ்சுபோச்சு," என்றாள். "ஆனா ஒண்ணு கேக்கணும். இவன் அதைக் கத்துக்கிட்டான்னு உங்களுக்குக் கோவம். நம்மளதை இவன் எங்க கேட்டான்? நீங்க கதவைச் சாத்திக்கிறீங்க. மனசுக்குள்ள சொல்லிக்கிறீங்க. இந்த வீட்டுல சத்தமாக் கேட்டது அது ஒண்ணுதான். பிள்ளை காதுல விழுந்ததைத்தானே சொல்லும்?"

அவர் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூலைக் கடித்தார். அவள் எழுந்து உள்ளே போகப் பார்த்த நேரத்தில்தான் பேசினார்.

"எனக்குச் சத்தமா வராதும்மா."

அவள் நின்றாள்.

"அது ரெண்டு பேர் சொல்ற வேண்டுதல். ஒருத்தர் ஆரம்பிக்கணும், ஒருத்தர் முடிக்கணும். ஆரம்பிக்கிறதெல்லாம் அவதான். நான் முடிக்கிறவன். மனசுக்குள்ள சொன்னா அவ குரல்லயே வரும், நான் பின்னால போய்க்குவேன். வாயைத் தொறந்தா அந்தக் குரல் வரமாட்டேங்குது. என் குரல்தான் வருது. அது கேக்க சகிக்கல."

ஆறு வருஷமாக அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் நடந்தது அதுதான். மகனுக்கும் தெரியாது. டிப்போவிலிருந்து அப்போதுதான் வந்திருந்த மெக்கானிக் வாசற்படியில் ஒரு காலில் செருப்போடு நின்றுகொண்டிருந்தான்.

டீச்சர் இந்த வீட்டுக்கு வந்து ஒரு வருஷம்தான் மாமியார் இருந்தாள். அந்த ஒரு வருஷமும் சாயங்காலம் அடுப்படியில் காய் நறுக்கிக்கொண்டே மாமியார் ஆரம்பிப்பது அவள் காதில் விழுந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷினிலிருந்து பதில் வரும். அவள் பிறந்த வீட்டிலும் அதே வேண்டுதல்தான், ஆனால் இந்த இழுப்பு கிடையாது. மாமியார் முதல் சொல்லைக் கொஞ்சம் இழுப்பாள். டீச்சர் அந்த இழுப்போடு ஆரம்பித்தாள். பயந்துகொண்டேதான்.

"விளக்கு அணைந்த பின்னும்."

தையல்காரர் நிமிரவில்லை. காலரைப் பிடித்திருந்த கை மட்டும் அசையாமல் நின்றது. பையன் வாயைப் பிளந்துகொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நீ விழித்திரு," என்றார் அவர். தொண்டை கரகரத்தது. உண்மையிலேயே அது கேட்பதற்கு நல்ல குரல் இல்லை.

"நாங்கள் கேட்க மறந்ததை."

"நீ மறவாதிரு."

கடைசிவரை சொன்னார்கள். ஓரிடத்தில் அவளுக்கு மறந்தது, வாசலிலிருந்து மெக்கானிக் எடுத்துக்கொடுத்தான். அவன் ரெண்டாம் ரூமில் படித்தவன்தானே. முடிந்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பையன் மட்டும், இதில் எந்த இடத்தில் அறைய வேண்டும் என்று கேட்டான்.

"இதுல அறையறது கெடையாதுடா," என்றார் தாத்தா. கொஞ்சம் யோசித்து, "வேணும்னா லேசாத் தட்டிக்கோ," என்றார்.

சூப் சூடாக்கிச் சாப்பிட்டார்கள். சாப்பாட்டுக்கு நடுவில் அவர் மருமகளிடம், பேரன் வழியாக அல்லாமல், நேராகக் கேட்டார்.

"அந்த ரூமுக்கு இனிமே யாரு போறா?"

"யாரும் இல்ல மாமா. வராந்தாவில உக்கார வெப்பாங்க."

அவர் ரொட்டியைப் பிட்டுச் சூப்பில் நனைத்தார். நனைந்த ரொட்டி கிண்ணத்துக்குள் விழும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

"மழைக்கு வராந்தா நல்லாயிருக்காது. நீயே போ. ஆனா சாயங்காலம் இவனை ரொட்டிக் கடைக்கு இழுத்துட்டுப் போகாதே. எங்கிட்ட விட்டுட்டுப் போ. நான் பாத்துக்கிறேன். அங்க போனா மாவைத் தின்னுட்டு வர்றான், ராத்திரி வயிறு வலிக்குதுங்கிறான்."

மெக்கானிக் கரண்டியைக் கீழே வைத்தான். "அப்பா, அத்தைகிட்ட வர்றதாச் சொல்லிட்டீங்களே."

"அவ சமையலை ஒருநாள் சாப்பிட முடியுமா?" என்றார் தையல்காரர். வருஷக்கணக்கில் அந்த வீட்டில் அவர் சொன்ன முதல் நகைச்சுவை அது என்று மெக்கானிக் பிற்பாடு டிப்போ முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்த பருவத்தின் முதல் நாள் டீச்சர் சீக்கிரமே போய் மூணாம் ரூமைப் பெருக்கித் துடைத்தாள். முதல் இரண்டு நிறுத்தங்களைப் பிள்ளைகள் நாவிலிருந்து எடுப்பதற்குள் பருவம் பாதி போய்விட்டது. கற்றதைக் கழற்றுவது அவ்வளவு கஷ்டம். நம்பாததை எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் அவள் பெரிய டீச்சரைப்போல நிலாவைப் பற்றிச் சொல்வதில்லை. அடுத்தவர் வீட்டுப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்ளும்போது கை தானாகக் கவனமாகிவிடுகிறதல்லவா, அப்படித்தான் என்பாள்.

மூணாம் ரூமுக்கென்று ஆள் கடைசிவரை வரவில்லை. அவளையே நிரந்தரமாக்கினார்கள். மூத்தவர் கண் பார்வை முழுதும் போனபிறகும் ஒவ்வொரு பருவ முடிவிலும் யாராவது கையைப் பிடித்துக்கொண்டு வந்து கேட்டார், பிறகு காலமானார். ரொட்டிக்காரம்மா மாவு பிசைய மெஷின் வாங்கினாள், அதன் இரைச்சல் பிடிக்காமல் ஞாயிறுகளில் மட்டும் கையால் பிசைகிறாள். ரெட்டைச் சடை பல் டாக்டரானாள். பெரிய டீச்சர் ஓய்வுபெற்று மகளோடு போய்விட்டார். தையல்காரர் நல்ல வயசாகி, தூக்கத்தில் போனார். மெக்கானிக்குக்கு முதுகு வலி, இருந்தாலும் பேச்சு குறையவில்லை. பையன் வேறு ஊரில் படகு கட்டும் இடத்தில் வெல்டராக இருக்கிறான், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை. டீச்சருக்கு அடுத்த வருஷம் ஓய்வு.